8 ஓம் ஆம்ப்ளிஃபையருக்கு 4 ஓம் ஸ்பீக்கர்: இடையில் டிரான்ஸ்பார்மர் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் உள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் ‘சேனலுக்கு 50 வாட், 8 முதல் 16 ஓம் வரை’ என்று அச்சிட்டிருக்கிறது. டிரான்சிஸ்டர் வகை. கைவசம் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் 4 ஓம். மல்டிமீட்டரில் அளந்தால் 3.3 ஓம்தான் காட்டுகிறது. ஆம்ப்ளிஃபையரின் இம்பிடன்ஸும் ஸ்பீக்கரின் இம்பிடன்ஸும் சமமாக இருந்தால்தான் முழுத் திறனும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் என்கிறார் நண்பர். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய அவுட்புட் டிரான்ஸ்பார்மர் ஒன்று இருக்கிறது. அதை இடையில் போடலாமா, புதிதாகச் சுற்ற வேண்டுமா? இதே ஆம்ப்ளிஃபையரின் ஒரு சேனலைக் கொண்டு, 100 மீட்டர் தள்ளியிருக்கும் கூடத்தில் நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களை அறிவிப்புக்காக ஒலிக்கச் செய்யவும் விரும்புகிறேன். என்ன வழி?

பதில்: முதலில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அந்த வால்வு ரேடியோ டிரான்ஸ்பார்மரின் தடித்த கம்பிச் சுருளை ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டில் ஒருபோதும் இணைத்துவிடாதீர்கள். 5000 ஓமிலிருந்து 4 ஓமுக்கு மாற்றும்படி அமைந்த டிரான்ஸ்பார்மர் என்றால் அதன் சுற்று விகிதம் ஏறத்தாழ 35க்கு 1. உங்கள் ஆம்ப்ளிஃபையர் முழு ஒலியில் தரும் 20 வோல்ட்டை அந்தப் பக்கத்தில் கொடுத்தால், எதிர்ப்பக்கம் திறந்திருக்கும் மெல்லிய கம்பிகளில் 700 வோல்ட் நிற்கும். உயிருக்கே ஆபத்தான மின்னழுத்தம் அது. நேராக, அதாவது மெல்லிய கம்பிச் சுருளை ஆம்ப்ளிஃபையருக்கும் தடித்ததை ஸ்பீக்கருக்கும் இணைத்தால் ஆபத்தில்லை. ஆனால் 20 வோல்ட் 35ஆல் வகுபட்டு, ஸ்பீக்கருக்கு அரை வோல்ட்டுக்குச் சற்று மேலாகத்தான் வந்து சேரும். வாட்டில் கணக்கிட்டால் 0.08. ஆம்ப்ளிஃபையருக்குத் தெரிவதோ 5000 ஓம் என்பதால் அது சும்மா இருக்கும். ஆகவே அந்த டிரான்ஸ்பார்மரைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பழைய வால்வு ரேடியோவைப் பழுது பார்க்கும் ஒருவருக்கு அது அரிய பொருள்.

மல்டிமீட்டர் காட்டிய 3.3 ஓமில் தவறேதும் இல்லை. மீட்டர் நேர்மின்னோட்டத்தை அனுப்பி, கூம்பை அசைக்கும் குரல்சுருளின் செம்புக் கம்பியின் மின்தடையை மட்டும் அளக்கிறது. இம்பிடன்ஸ் என்பது மாறுமின்னோட்டத்துக்கு அந்தச் சுருளும் அதனோடு அசையும் கூம்பும் சேர்ந்து காட்டும் எதிர்ப்பு. அது அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் மாறும். 4 ஓம் என்று குறித்த பெட்டி, கூம்பின் இயல்பான ஒத்ததிர்வு வரும் தாழ்ந்த அதிர்வெண்ணில் 20, 30 ஓம் வரை எழும்பி, சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் அடித்தளத்துக்கு இறங்கி, அதன்பின் சுருளின் மின்தூண்டலால் மீண்டும் மெல்ல ஏறும். பெட்டியில் அச்சிடப்படும் எண் இந்த வளைகோட்டுக்கு வைத்த ஒரு பெயர் மட்டுமே. சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐஇசி) 60268-5 தரநிலையின்படி, வளைகோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளி குறித்த மதிப்பின் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது 3.2 ஓம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், டிரான்ஸ்பார்மரைக் கொண்டு ‘துல்லியமாக’ 8 ஓம் வரவழைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது தெரியும். பாதிக்கும் இருமடங்குக்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். அரை ஓம் அங்குமிங்கும் இருப்பது பொருட்டல்ல.

இனி நண்பரின் கூற்று. மூலத்தின் உள்மின்தடையும் சுமையின் மின்தடையும் சமமாக இருக்கும்போது சுமைக்குப் பெருமத் திறன் செல்லும் என்ற தேற்றம் உண்மையானது. ஆனால் அது மூலத்தின் உள்மின்தடை மாற்ற முடியாதபடி அமைந்துவிட்ட நிலையில், எந்தச் சுமையைத் தேர்வது என்ற கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. அந்தச் சமநிலையில் பாதித் திறன் மூலத்துக்குள்ளேயே வெப்பமாகிவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஆம்ப்ளிஃபையர் போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களில் பின்னூட்டத்தின் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைத் திருத்தும் ஏற்பாட்டின்) காரணமாக வெளியீட்டு இம்பிடன்ஸ் ஓமின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கும். அது 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டு, சுமையும் 0.05 ஓமாக இருக்கட்டும் என்று நாம் புறப்பட்டால், 20 வோல்ட்டில் 200 ஆம்பியர் ஓட வேண்டும். அதற்கு வெகு முன்னரே ஃபியூஸ் போய்விடும், அல்லது வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடும். இத்தகைய ஆம்ப்ளிஃபையர் ஏறத்தாழ ஒரு மின்னழுத்த மூலம். ‘8 ஓம்’ என்று அதன் பின்புறம் அச்சிட்டிருப்பது அதன் சொந்த இம்பிடன்ஸ் அன்று. இதற்குக் கீழே சுமையை இறக்காதே, என் டிரான்சிஸ்டர்களும் பவர் சப்ளையும் அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கா என்று அது விதிக்கும் எல்லைதான் அந்த எண்.

எனவே உங்கள் சிக்கலை இப்படி வைத்துக்கொள்வதே சரி: இம்பிடன்ஸைச் சமமாக்க வேண்டியதில்லை, மின்னோட்டத்தை எல்லைக்குள் வைக்க வேண்டும். 20 வோல்ட்டில் 8 ஓம் 2.5 ஆம்பியர் இழுக்கும், 50 வாட். அதே 20 வோல்ட்டில் 4 ஓம் 5 ஆம்பியர் இழுக்கும். ஹீட் சிங்க் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் ஏறத்தாழ இருமடங்காகும். தாழ்ந்த ஒலியில் நாள் முழுவதும் ஒன்றும் ஆகாது, ஏனெனில் வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது சராசரியாக ஓரிரு வாட்டுக்கு மேல் செலவாவதில்லை. ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு மறந்துபோகும் நாளில்தான் விபரீதம். பழுதுக்கு வரும் ஆம்ப்ளிஃபையர்களில் வெளியீட்டு டிரான்சிஸ்டர் கருகியவை பலவற்றுக்கும் இதுவே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

வால்வு ஆம்ப்ளிஃபையரில் நிலைமை நேர்மாறானது. வால்வின் உள்மின்தடை ஆயிரக்கணக்கான ஓம் என்பதால் அங்கே பொதுவாக டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஸ்பீக்கரை இயக்க இயலாது. சுமை இல்லாமல் ஓடவிட்டால் டிரான்ஸ்பார்மரின் காப்பு உடையலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை இல்லாமை பிரச்சினையே இல்லை. குறுக்குச் சுற்றுதான் (ஷார்ட் சர்க்யூட்) எமன். ‘மேட்சிங்’, அதாவது இம்பிடன்ஸைச் சமமாக்குவது என்ற பேச்சு வால்வுக் காலத்திலிருந்து வந்து, டிரான்சிஸ்டருக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

டிரான்ஸ்பார்மர் என்ன செய்கிறது என்பதை உங்கள் எண்களைக் கொண்டே பார்ப்போம். டிரான்ஸ்பார்மருக்கு என்று ஓர் இம்பிடன்ஸ் கிடையாது. ஒரு பக்கத்தில் தொங்கும் சுமையை, சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கியோ வகுத்தோ மறுபக்கத்துக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். ‘5000க்கு 4’ என்று குறித்த டிரான்ஸ்பார்மரில் 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் முதன்மைப் பக்கம், அதாவது மெல்லிய கம்பிச் சுருளின் பக்கம், 10000 ஓம் தெரியும். உங்களுக்கு வேண்டியது 4 ஓம் 8 ஓமாகத் தெரிவது, அதாவது 2 மடங்கு. ஆகவே சுற்று விகிதம் 2இன் வர்க்கமூலமான 1.414. ஆம்ப்ளிஃபையரின் 20 வோல்ட் 14.14 வோல்ட்டாக இறங்கும். 4 ஓமில் அது 3.54 ஆம்பியரைச் செலுத்தும்; 50 வாட். ஆம்ப்ளிஃபையரிடமிருந்து இழுக்கப்படுவது 2.5 ஆம்பியர்தான்.

இவ்வளவு சிறிய விகிதத்துக்கு இரண்டு தனிச் சுருள்கள் தேவையில்லை. ஒரே சுருளில் இடைமுனை எடுத்த ஆட்டோ டிரான்ஸ்பார்மரே உகந்தது. 50 வாட் கடந்து சென்றாலும், உள்ளகத்தின் (சுருளுக்குள் இருக்கும் இரும்பின்) காந்தப்புலம் வழியாக உண்மையில் மாற்றப்படுவது 15 வாட் அளவுக்கே என்பதால் இழப்பு குறைவு, கம்பிச் செலவும் குறைவு. சுருளின் இரு பகுதிகளும் ஒன்றையொன்று நெருக்கமாகப் பிணைத்திருப்பதால் உயர்ந்த சுரங்களும் கெடுவதில்லை. இது ஒட்டுவேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்: அமெரிக்க ஆடியோ நிறுவனமான மெக்கின்டாஷ் தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இத்தகைய ஆட்டோ டிரான்ஸ்பார்மரை வெளியீட்டிலேயே வைத்து, 2, 4, 8 ஓம் முனைகளைத் தந்திருக்கிறது.

சுற்ற விரும்பினால் கணக்கு இது. உள்ளகத்தின் குறுக்குப் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர், காந்தப்பாய அடர்த்தி 1 டெஸ்லா, முழு ஒலியில் தாங்க வேண்டிய மிகத் தாழ்ந்த அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். மின்னழுத்தத்தை 4.44, அதிர்வெண், அடர்த்தி, சதுர மீட்டரில் பரப்பு ஆகிய நான்கின் பெருக்கத்தால் வகுத்தால் 150 சுற்று வரும். தொடக்க முனையிலிருந்து 106ஆம் சுற்றில் இடைமுனையை எடுத்து, அதே திசையில் 150 வரை தொடர வேண்டும். தொடக்க முனைக்கு ஆம்ப்ளிஃபையரின் கறுப்பும் ஸ்பீக்கரின் கறுப்பும், இடைமுனைக்கு ஸ்பீக்கரின் சிவப்பு, இறுதி முனைக்கு ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு. மேல் 44 சுற்றுகளில் 2.5 ஆம்பியரும், கீழ் 106 சுற்றுகளில் வேறுபாடான 1 ஆம்பியர் அளவும்தான் ஓடும் என்பதால் 1 மில்லிமீட்டர் எனாமல் கம்பி போதும். சேனலுக்கு ஒன்று என இரண்டு வேண்டும். உங்கள் ஆம்ப்ளிஃபையர் பிரிட்ஜ் வகையாக (ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் வகையாக) இருந்தால் கறுப்பு முனையும் உயிருள்ள வெளியீடுதான். அப்படியானால் இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள், உலோகப் பெட்டியோடும் சேர்க்காதீர்கள்.

மேலே 50 ஹெர்ட்ஸை எடுக்காமல் 30 ஹெர்ட்ஸை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒலி டிரான்ஸ்பார்மர் விஷயத்தில் எல்லாமே இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. உள்ளகத்தில் எழும் காந்தப்பாயம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்திலும் அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அதே 20 வோல்ட்டுக்கு, அதிர்வெண் பாதியானால் பாயம் இருமடங்கு. இரும்பு தாங்கும் எல்லையைத் தாண்டியதும் உள்ளகம் செறிவடைந்து (அதற்குமேல் காந்தமேற முடியாமல் போய்), சுருளின் மின்தூண்டல் மறைந்துபோய், அந்தக் கணத்துக்கு ஆம்ப்ளிஃபையரின் குறுக்கே வெறும் செம்புக் கம்பி கிடப்பது போலாகிவிடும். டிரம்மின் ஓர் அடி விழும்போது ‘டப்’ என்று ஒரு வெடிப்புக் கேட்டுப் பாதுகாப்புச் சுற்று துண்டித்துக்கொள்வது இதனால்தான். ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்காகப் போட்ட டிரான்ஸ்பார்மர், அளவில் சிறியதாக இருந்தால், 4 ஓம் ஸ்பீக்கரைவிட மோசமான சுமையாகிவிடும். டிரான்ஸ்பார்மரை எடை போட்டு வாங்கச் சொல்வார்கள் அனுபவசாலிகள். அதில் உண்மை இருக்கிறது.

அடுத்த எதிரி நேர்மின்னழுத்தக் கசிவு. எந்த டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டிலும் ஒலி இல்லாத நேரத்திலும் சில மில்லிவோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். 30 மில்லிவோல்ட் என்றால் உங்கள் 3.3 ஓம் குரல்சுருளில் 9 மில்லி ஆம்பியர், யாருக்கும் தெரியாது. அதே 30 மில்லிவோல்ட், அரை ஓம் மின்தடை மட்டுமே உள்ள டிரான்ஸ்பார்மர் சுருளில் 60 மில்லி ஆம்பியரைச் செலுத்தி உள்ளகத்தை ஒரு பக்கமாகக் காந்தப்படுத்திவிடும். இடைவெளியே இல்லாத வளைய உள்ளகம் இதற்கு மிக எளிதில் இரையாகும். E, I வடிவத் தகடுகளை எதிரெதிராக அடுக்கிய இஐ உள்ளகம் மூட்டுகளில் இருக்கும் நுண்ணிய இடைவெளிகளால் ஓரளவு சமாளிக்கும். ஆகவே டிரான்ஸ்பார்மரை இணைக்கும் முன், ஆம்ப்ளிஃபையரைக் கால் மணி நேரம் சூடாகவிட்டு, ஒலியைப் பூச்சியத்தில் வைத்து, வெளியீட்டு முனைகளை மீட்டரின் மில்லிவோல்ட் அளவில் பாருங்கள். 20க்குள் இருந்தால் நிம்மதியாகத் தொடரலாம். 50ஐத் தாண்டினால் முதலில் ஆம்ப்ளிஃபையரைச் சரிசெய்ய வேண்டும்.

இணைத்த பின் இன்னொரு சோதனையையும் செய்யுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்பார்மரை மட்டும் ஆம்ப்ளிஃபையரில் விட்டு, மாறுமின்னோட்ட அம்மீட்டரைத் தொடராக இணைத்து, கைபேசியிலிருந்து 200 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து வெளியீட்டை 10 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். பிறகு மின்னழுத்தத்தை மாற்றாமல் 100, 60, 40, 30 என்று அதிர்வெண்ணை இறக்கிக்கொண்டே வாருங்கள். மின்னோட்டம் சீராக ஏறினால் நல்லது. ஏதோ ஓரிடத்தில் திடீரென்று தாவினால் அங்கே உள்ளகம் செறிவடைகிறது. 10 வோல்ட்டில் அது 20 ஹெர்ட்ஸில் நிகழ்ந்தால், முழு 20 வோல்ட்டில் 40 ஹெர்ட்ஸிலேயே நிகழும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு என் வெளிப்படையான கருத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் கேட்பதற்கு மட்டும் என்றால், இரண்டு நல்ல டிரான்ஸ்பார்மர்களைச் சுற்றும் செலவையும் உழைப்பையும்விட, 4 ஓமை ஏற்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றுக்கு மாறுவதே மேல். பெட்டிகள் மிகவும் பிடித்தவை, ஆம்ப்ளிஃபையரையும் விட மனமில்லை என்றால் மட்டும் சுற்றுங்கள். ஸ்டீரியோ அவசியமில்லை என்றால் இரண்டு பெட்டிகளையும் தொடராக ஒரே சேனலில் இணைத்தாலே 8 ஓம் ஆகிவிடும். இரண்டும் ஒரே வகை என்பதால் குறையில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரோடும் 4 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். பாதித் திறன் ரெசிஸ்டரில் வெப்பமாவது ஒரு குறை. பெரிய குறை ஒலியின் நிறம் மாறுவது: ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் நடுப்பகுதியில் மின்னழுத்தத்தில் பாதிதான் அதற்குக் கிடைக்கும், ஒத்ததிர்வில் 28 ஓமாக எழும்பும்போது எட்டில் ஏழு பங்கு கிடைக்கும். அந்த ஒரு தாழ்ந்த சுரம் மட்டும் ஏறத்தாழ 5 டெசிபெல் தூக்கலாக, கட்டுப்பாடின்றி முழங்கும்.

கூடத்துக்கான கேள்விக்கு வருகிறேன். அங்கே டிரான்ஸ்பார்மரைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன், ஏனெனில் அங்கே பிரச்சினை கம்பியின் நீளம். நான்கு 8 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடரில் வைத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்தம் 8 ஓம்தான், ஆம்ப்ளிஃபையருக்கு ஒப்புதலே. ஆனால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 100 மீட்டர் போய்த் திரும்பினால் அதன் மின்தடை 2.3 ஓம் ஆகும். 20 வோல்ட்டில் ஸ்பீக்கர்களுக்குச் சேர்வது 30 வாட், கம்பியைச் சூடாக்குவது ஏறத்தாழ 9 வாட். ஒரு ஸ்பீக்கர் போனால் அதன் ஜோடியும் ஊமையாகிவிடும். தனித்தனியாக ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

100 வோல்ட் லைன் முறையில் இவை அனைத்தும் தீர்கின்றன. ஆம்ப்ளிஃபையரின் பக்கத்தில் 1க்கு 5 என்ற விகிதமுள்ள ஏற்று டிரான்ஸ்பார்மர் ஒன்று 20 வோல்ட்டை 100 ஆக்கும். 8 ஓம் எல்லை 25 மடங்காகி 200 ஓம் ஆகும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு லைன் டிரான்ஸ்பார்மர். அதன் 10 வாட் முனை 100 வோல்ட் லைனுக்கு 1000 ஓமாகத் தெரியும். நான்கையும் பக்க இணைப்பில் மாட்டினால் 250 ஓம், மொத்தம் 40 வாட். 50 வாட் ஆம்ப்ளிஃபையருக்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். லைனில் ஓடுவது 0.4 ஆம்பியர் மட்டுமே, அதே கம்பியில் இழப்பு அரை வாட்டுக்கும் குறைவு. இந்த முறையில் ஓம் கணக்கே தேவையில்லை. முனைகளின் வாட்டைக் கூட்டி, கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபையரின் வாட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். மேடைக்கு அருகில் இருக்கும் ஸ்பீக்கர் அதிகம் இரைந்தால் அதை 5 வாட் முனைக்கு மாற்றுங்கள். லைன் டிரான்ஸ்பார்மரின் 8 ஓம் முனையில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 10 வாட் என்று நினைத்த இடத்தில் 20 வாட் இழுக்கும் என்பதால், அந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

ஏற்று டிரான்ஸ்பார்மர் தனியாகக் கிடைக்காவிட்டால், 230 வோல்ட்டுக்கு 24-0-24 (நடுமுனையின் இருபுறமும் 24 வோல்ட்) என்ற 120 விஏ (வோல்ட்-ஆம்பியர்) பவர் டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போட்டுப் பேச்சுக்குப் பயன்படுத்தலாம். முழு 48 வோல்ட் சுருளுக்கு நீங்கள் கொடுப்பது 20 வோல்ட்தான் என்பதால், 50 ஹெர்ட்ஸுக்கு வடிவமைத்த உள்ளகம் 21 ஹெர்ட்ஸ் வரை செறிவடையாது. எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 96 வோல்ட் கிடைக்கும். சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சற்று மங்கும். அறிவிப்புக்கு அது குறையாகத் தெரியாது. ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு இம்பிடன்ஸ் 47 கிலோ ஓம் என்றால், உள்ளீட்டுக் கம்பியில் 0.033 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைத் தொடராக வைத்து 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைத் தணித்துவிடுங்கள். பேச்சின் தெளிவு கூடும், மைக்கைத் தட்டும்போது எழும் அதிர்ச்சியும் டிரான்ஸ்பார்மரை எட்டாது.

100 வோல்ட் லைனை ஸ்பீக்கர் கம்பிதானே என்று எண்ணி வெறும் முறுக்கிணைப்பாக விடக் கூடாது. இரட்டைக் காப்புள்ள கேபிளை எடுத்து, இணைப்புகள் அனைத்தையும் மூடிய பெட்டிக்குள் திருகு முனைகளில் வையுங்கள். எல்லாவற்றையும் இணைத்த பின், ஆம்ப்ளிஃபையரை மாட்டாமல் லைனை மட்டும் மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள்: நான்கு டிரான்ஸ்பார்மர்களின் சுருள்கள் பக்க இணைப்பில் இருப்பதால் சில பத்து ஓம் காட்டும். ஓரிரண்டு ஓம் மட்டும் காட்டினால் எங்கோ குறுக்குச் சுற்று இருக்கிறது அல்லது ஒரு டிரான்ஸ்பார்மர் தலைகீழாக இணைந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை ஆம்ப்ளிஃபையரை இயக்காதீர்கள்.